குடும்பப் பகுதி: சிறுநீரகம் குன்றிய சிறுவனும் அவன் வீட்டாரும்

சென்ற இதழில் இப்பகுதியில், வெளிமாநிலத்தில் வளரும் நம் சிறுவர்க்குத் தமிழெழுத்தைப் பயிற்றும் வகை குறித்து எழுதியிருந்தேன். அதனைப் படித்த சகோதரி ஒருவர் சங்கத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். எழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய நான்கு வயது மகனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் குன்றிவருகின்றன என்று டாக்டர் கூறிவிட்டாராம். "டாக்டர் சொல்வது பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். வீட்டிற்கு வந்தபின் எதை ஆக்கிப் போடுவது, எதை நிறுத்துவது என்று தமிழில் சொல்வார் ஒருவருமில்லை. தங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை உண்டென்று கேள்விப்பட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேள்விப்பட்டது மெய்யே. என் இளைய மகனுக்கு இப்பொழுது ஒன்பது வயது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து இந்நோயோடு வாழ்ந்து வருகிறான். நான் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் முன்பதிவுக் குமாஸ்தாவாக இருப்பவன், வைத்தியம் படித்தவனல்லன். ஆயினும் ஒன்பது ஆண்டுகள் ஒரே பாடத்தைப் படித்தவனுக்கு அதில் சிறிது பழக்கம் வராமற்போகாது. ஆகவே இம்மாதப் பகுதியை அச்சகோதரிக்கும், அவரைப் போல் வாய்திறந்து கேளாத மற்றையோர்க்கும் எழுதலானேன். மருந்தின் அளவையும் உணவின் அளவையும் உங்கள் டாக்டரே வகுக்க வேண்டும். அவர் வகுப்பதைப் புரிந்துகொள்ளும் வழியையே நான் கூறப் புகுந்துள்ளேன்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். நம் பாட்டனார் காலத்தில் குண்டிக்காய் என்றனர். பின்னர் மூத்திரப்பிண்டம் என்றனர். இன்று சிறுநீரகம் என்கிறோம். இந்நாகபுரியில் மராத்தியர் இன்றும் மூத்ரபிண்ட் என்றே வழங்குகின்றனர். ஹிந்தியில் குர்தா என்பர். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது இவ்விரு சொற்களையும் தெரிந்து வைத்திருப்பது நலம். "குர்தா" என்றவுடன் மேற்சட்டையை நினைத்துக்கொண்டு விழித்த நம்மவர் ஒருவரை நான் அறிவேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவையனைத்தும் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. பிறந்தபின் ஒன்றுகூடப் புதிதாக உண்டாவதில்லை. கழிவையும் மிகுநீரையும் வெளியேற்றுவது மட்டுமே இவற்றின் வேலையென்று நாம் எண்ணுகிறோம். அஃதன்று. இரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஒரு பொருளைச் சிறுநீரகமே சுரக்கிறது. வெயிலிலிருந்தும் உணவிலிருந்தும் கிடைக்கும் 'டி' வைட்டமினை எலும்புக்குப் பயன்படும்படி மாற்றித் தருவதும் அதுவே. உடலில் புளிப்பு மிகாமல் காப்பதும், இரத்த அழுத்தத்தை நிலையில் நிறுத்துவதும் அதன் பணிகள். ஆகையால் சிறுநீரகம் குன்றிய குழந்தைக்குச் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்; ஆனால் முகம் வெளுத்து, கால் வளைந்து, ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட உயரம் குறைந்து, சோற்றைக் கண்டாலே முகஞ்சுளிக்கும். "நன்றாகத்தானே மூத்திரம் போகிறது, சிறுநீரகத்தில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்று உறவினர் வாதிடுவர். என் வீட்டில் இந்த வாதம் ஓராண்டு நடந்தது.

பெரியவர்க்கு இந்நோய் பெரும்பாலும் நீரிழிவாலும் இரத்தக் கொதிப்பாலும் வருகிறது. குழந்தைகளுக்கு அப்படியன்று. பிறவியிலேயே சிறுநீரகமோ அதன் குழாய்களோ செவ்வனே அமையாமை முதற்காரணம். வடிகட்டிகள் அழற்சியால் கெடுவது இன்னொன்று. குடிவழியில் வரும் சில நோய்களும் உண்டு. என் மகனுக்கு வந்தது, சிறுநீர் வெளிவரும் குழாயின் அடியில் ஒரு சவ்வு மடிப்பு கதவைப் போல் அடைத்துக்கொண்டிருந்ததாகும். இஃது ஆண் குழந்தைகளுக்கே வருவது. பின்னோக்கித் தேங்கிய சிறுநீர், கருவிலிருக்கும்போதே இரு சிறுநீரகங்களையும் வீங்கச் செய்து நலிவித்துவிடுகிறது. குழலை உட்செலுத்தி அச்சவ்வை நீக்கிவிட்டனர். அடைப்பு நீங்கிற்று, முன்னமே கெட்டது கெட்டதாகவே நின்றுவிட்டது. கருவுற்ற தாய்மார்க்குச் செய்யும் ஸ்கானில் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகக் கூறினால், பிள்ளை பிறந்தபின் மறுபடியும் பார்க்காமல் விடவேண்டா. ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கையில் தாரையாக வீழாமல் சொட்டுச் சொட்டாக விழுமாயின், அதனையும் டாக்டரிடம் அன்றே கூறிவிடுக.

இனிக் கணக்குக்கு வருவோம். என் தொழிலே கணக்காதலால் இப்பகுதி எனக்குச் சற்று உவப்பானது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவை ஆஸ்பத்திரியில் எடுத்துத் தருவர். அந்த எண்ணை மட்டும் பார்த்து, "பெரிதாக ஒன்றுமில்லை, ஒன்றரைதானே" என்று பலர் தேறுதல் அடைந்துவிடுகின்றனர். திடகாத்திரமான பெரியவர்க்கு ஒன்றரை என்பது ஒன்று. நான்கு வயதுச் சிறுவனுக்கு ஒன்றரை என்பது முற்றிலும் வேறு. குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, 0.413 ஆல் பெருக்கி, வந்ததைக் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள இந்தச் சூத்திரத்தை வகுத்த டாக்டரின் பெயரால் ஷுவார்ட்ஸ் சூத்திரம் என்பர். என் மகன் ஏழு வயதில் 114 சென்டிமீட்டர் இருந்தான், கிரியேட்டினின் 1.3. கணக்கிட்டால் 36 வருகிறது. இன்று 122 சென்டிமீட்டர், கிரியேட்டினின் 1.8, கணக்கு 28. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு 90-க்கு மேல் இருப்பது இயல்பு. 60 முதல் 89 வரை இரண்டாம் படி, 30 முதல் 59 வரை மூன்றாம் படி, 15 முதல் 29 வரை நான்காம் படி, 15-க்குக் கீழ் ஐந்தாம் படி. ஐந்தாம் படியில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவையாகிவிடும். ஆக, என் மகன் இரண்டாண்டில் மூன்றிலிருந்து நான்காம் படிக்கு வந்துவிட்டான். இந்த எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வருகிறேன். ஒரே ஒரு எண்ணைக் கண்டு கலங்குவதோ மகிழ்வதோ வீண்; ஐந்தாறு எண்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே செய்தி.

இப்படிகளில் இறங்கும் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதுதான் நமக்குப் பிடிகொம்பு. இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கீழே வைத்திருந்தால் குழந்தைகளின் சிறுநீரகம் கெடும் வேகம் குறைகிறது என்பதை ஐரோப்பிய டாக்டர்கள் செய்த ஓர் ஆராய்ச்சி 2009-இல் தெளிவாகக் காட்டிற்று. ஆனால் குழந்தைக்கு அழுத்தம் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கையில் சுற்றும் பட்டை அதன் கைக்கேற்ற அளவினதாக இருத்தல் வேண்டும். பெரியவர் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும்; பட்டை மிகச் சிறிதாயின் மிகையாகக் காட்டும். "சிறு பட்டை இருக்கிறதா?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டுவதில்லை. நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். நர்ஸம்மாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடுகிறது.

உணவைப் பற்றி எழுதாமல் தாய்மார் என்னை விடமாட்டார்கள். இவ்விஷயத்தில் முதலாவதாக மனத்திற் கொள்ள வேண்டியது, ஒரு குழந்தைக்குச் சொன்ன பத்தியம் மற்றொரு குழந்தைக்குப் பொருந்தாது என்பது. சில பிள்ளைகளுக்கு நீர் வடியாமல் கால் வீங்கும். அவர்க்கு உப்பையும் நீரையும் குறைப்பர். என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கோ சிறுநீரகத்தால் நீரைத் தேக்கி வைக்க இயலாமல், நீரும் உப்பும் ஓயாமல் வெளியே போய்விடும். அவர்க்கு நீரைக் குறைத்தால் ஆபத்து. நாகபுரியின் மே மாத வெயிலில், வெப்பம் 45 பாகையை எட்டும் நாட்களில், அவனுக்கு இரவிலும் எழுப்பி நீர் கொடுக்கிறோம். அடுத்த தெருவில் வேறொரு தாய் தன் மகளுக்கு டம்ளர் அளந்து நீர் கொடுக்கிறாள். இருவரும் செய்வது சரியே. பஸ் நிறுத்தத்தில் சந்தித்துப் பத்தியம் மாற்றிக்கொண்டால்தான் தவறு நேரும்.

பொட்டாசியம் என்னும் உப்பு இரத்தத்தில் மிகுமானால் இதயம் திடீரென்று நின்றுவிடக் கூடும். அளவு மிகுந்திருப்பதாக டாக்டர் கூறினால், இளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, புளி, கீரை ஆகிய அனைத்தையும் அளந்தே கொடுக்க வேண்டும். நாம் வாழும் ஊருக்கே பெயர் தந்த ஆரஞ்சுப் பழமும் இப்பட்டியலில் சேர்ந்தது. டிசம்பரில் தெருவெங்கும் வண்டி வண்டியாக ஆரஞ்சு குவிந்திருக்க, ஒரு சிறுவனிடம் "உனக்கு இரண்டு சுளை" என்று சொல்வது எளிதன்று. என் மகன் இரண்டு சுளைகளையும் அரை மணி நேரம் உரித்து உரித்துத் தின்பான்.

நம் பாட்டிமார், காய் வெந்த நீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில் இருக்கிறது என்று கற்பித்தனர். இப்பிள்ளைகளுக்கு அவ்விதியைத் தலைகீழாக்க வேண்டும். காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, புதுநீரில் வேகவைத்து அதனையும் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பெரும் பங்கு வெளியேறிவிடும். பின்னர் தாளித்துக்கொள்ளலாம். சோற்றை வடிப்பது நமக்குப் பழக்கமே. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் முதலியவை ஓரளவு அடக்கமான காய்கள். சாம்பாரைக் கெட்டியாக ஊற்றாமல் பருப்பை அளந்து போட்டு, ரசத்தில் தக்காளியை விட்டு மிளகும் சீரகமும் முன்னிற்கச் செய்தால் பிள்ளை முகங்கோணாமல் உண்ணும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' என்பதை வாங்கிவிடாதீர்கள். அவற்றுட் பலவற்றில் சோடியத்துக்கு மாற்றாகச் சேர்ப்பது பொட்டாசியமே. ஐந்து மூலைகளுடன் அழகாயிருக்கும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு விஷம். அதில் ஒரு துண்டும் வேண்டா. பெட்டிக்கடைச் சிப்ஸு, கறுப்பு நிறச் சோடா பானங்கள், பதனம் செய்த பொட்டலத் தின்பண்டங்கள் இவற்றிலுள்ள பாஸ்பரஸ் எலும்பை அரிக்கும். பாலிலும் பாஸ்பரஸ் உண்டாதலால் எவ்வளவு பால் என்று கேட்டுக்கொள்க. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரை தந்திருந்தால் அதைச் சோற்றோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுப்பது பயனற்றது. புரதத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டுமென்று சிலர் கூறுவர். பெரியவர்க்கு எப்படியோ, வளரும் குழந்தைக்கு அது கூடாது, வளர்ச்சி நின்றுவிடும்.

என் மனைவி செய்த ஏற்பாடு ஒன்றைச் சொல்லுகிறேன். மகனுக்கு வேறு, மற்றவர்க்கு வேறு என்று அடுப்பைப் பிரிக்காமல், வீடு முழுவதும் ஒரே குழம்பை உண்கிறோம். எனக்கு வேண்டுமாயின் அலமாரியில் ஊறுகாய் இருக்கிறது. அதை நான் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றுவிடுகிறேன்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களும், இப்பொழுது கடிதத்தினும் விரைவாக வரும் கைபேசிச் செய்திகளும், ஒவ்வொரு திங்களும் ஒரு புதிய கஷாயத்தைச் சுமந்து வருகின்றன. வாழைத்தண்டுச் சாறு கொடு, நெருஞ்சில் முள் கஷாயம் கொடு, நீர்முள்ளி கொடு என்பர். அன்பால் சொல்வதே, சினந்து கொள்வதற்கில்லை. ஆனால் இவையெல்லாம் நம்மவர் நீரடைப்புக்கும் கல்லுக்கும் வழங்கி வந்தவை. கல் வேறு, சிறுநீரகம் குன்றுவது வேறு. வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் நிறைந்திருக்கிறது; பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத பிள்ளைக்கு அது மருந்தாகாது. ஆடுதீண்டாப்பாளை என்று நம் பக்கம் ஒரு மூலிகை உண்டன்றோ? அந்தச் செடியின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நல்ல சிறுநீரகத்தையே அழிக்க வல்லது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென்று அவ்வின மூலிகை கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்த செய்தி 1993-இல் மருத்துவ ஏடுகளில் வெளிவந்தது. இங்கிலீஷ் மருந்திலும் இதே எச்சரிக்கை உண்டு. காய்ச்சலென்றும் வலியென்றும் கடைக்காரர் எடுத்து நீட்டும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றை இப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது. எந்தப் புது மருந்தாயினும், "இவனுக்குச் சிறுநீரகம் குன்றியிருக்கிறது" என்னும் வாக்கியத்தை முதலில் சொல்லிவிட்டே வாங்க வேண்டும். வாந்தியும் பேதியும் வந்தால் வீட்டில் காத்திராமல் அன்றே காட்டுக. அச்சமயம் சில மாத்திரைகளை நிறுத்தி வைக்கச் சொல்வதுண்டு.

இன்னும் ஒரு சிறு விஷயம். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது, எழுதாத கையின் முன்னங்கை நரம்புகளை விட்டுவைத்து, புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்நரம்புகளே பயன்படும். இதனை எனக்குச் சொன்னவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மற்றொரு தகப்பனார்.

பள்ளியைப் பற்றிச் சிறிது கூறுவேன். நீர் மிகுதியாகப் பிரியும் பிள்ளைக்கு மணிக்கொரு தரம் வெளியே போகவேண்டியிருக்கும். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர் இதனைச் சேட்டையென்று எண்ணி அனுமதி மறுக்க, என் மகன் வகுப்பிலேயே நனைந்துவிட்டான். அதன்பின் மூன்று நாள் அவன் பள்ளி செல்லவில்லை. நீரும் குடிக்க மறுத்துவிட்டான். நீர் குடியாமை அவனுக்கு எவ்வளவு தீங்கு என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் இரண்டு வரியில் ஒரு சான்று வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இன்று அவன் கையை உயர்த்தாமலே எழுந்து போகலாம். இரவில் படுக்கை நனைவதும் இந்நோயின் கூறே. அதற்காக அடிப்பதும் அயலார் முன் நகையாடுவதும் கொடுமை. ஓடி விளையாடுவதைத் தடுக்காதீர்கள். வயிற்றில் குழாய் வைத்திருந்தாலன்றி, கிரிக்கெட்டுக்கு யாதொரு தடையுமில்லை.

நம் சங்கத்தாரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பொங்கல் விழாப் பந்தியில் என் மகனும் உட்காருவான். அவன் இலையில் அப்பளமும் ஊறுகாயும் வேண்டா என்றால் வேண்டா என்று விட்டுவிடுங்கள். "ஒரு நாளைக்கு என்ன வந்துவிடப் போகிறது, சாப்பிடு கண்ணா" என்னும் உபசரிப்பு அவனுக்குப் பெரிய சோதனை. அதனினும் பெரிய சோதனை, அவன் காதுபடவே "ஐயோ பாவம்" என்பது. அவன் பாவமா என்பதை அவனே ஒரு முறை என்னிடம் கேட்டான். "நீ பாவமில்லை, உனக்குச் சிறுநீரகத்தில் நோய், அதற்கு நாம் மருந்து உண்கிறோம்" என்றேன். குழந்தைக்கு உண்மையை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் சொல்லாததை அது ஆஸ்பத்திரிச் சுவரிலும் கைபேசியிலும் படித்துவிடும், அதுவும் தனியாக. இப்பொழுது அவனே தன் மாத்திரைகளை எண்ணி எடுத்து, சுவரில் ஒட்டிய தாளில் குறியிடுகிறான். வளர்ந்த பின் மருந்தைக் கைவிட்டு, பெற்ற மாற்றுச் சிறுநீரகத்தையும் இழக்கும் வாலிபர் உண்டென்று டாக்டர் கூறியதிலிருந்து இப்பழக்கத்தைத் தொடங்கினோம்.

நோயுள்ள பிள்ளையின் உடன்பிறந்தோரை நாம் மறந்துவிடுகிறோம். என் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. உறவினர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தபோது, "அக்காளுடையது இருக்கிறதே" என்று பேச்சுவாக்கில் கூறிவிட்டார். அவள் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் தாயிடம், "எனக்கு வயிற்றைக் கிழிப்பார்களா அம்மா?" என்று கேட்டாளாம். பதினெட்டு வயது நிரம்பாதவரிடமிருந்து உறுப்பை எடுக்கச் சட்டம் இடந்தராது என்பதை அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சட்டம் என்ற சொல் சிறுவர்க்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை அன்று கண்டேன்.

அச்சட்டத்தைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி தாய், தந்தை, உடன்பிறந்தோர், மக்கள், கணவன் மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினராவர். 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாட்டன் பாட்டியும் பேரன் பேத்தியும் இவ்வரிசையில் சேர்ந்தனர். பிறர் தரவேண்டுமாயின் அதற்கென அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். பணத்திற்கு வாங்குவதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உலகில் முதன்முதல் வெற்றியடைந்த சிறுநீரக மாற்று 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர் இருவரிடையே நடந்தது. நம் நாட்டில் அவ்வெற்றி 1971-இல் வேலூரில் கிட்டியது. அதற்கு முன் இந்நாட்டில் இத்தகைய பிள்ளைகளின் கதி என்னவாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க எனக்கு மனமில்லை.

டயாலிசிஸில் இரு வகை உண்டு. இரத்தத்தை இயந்திரத்தில் செலுத்திச் சுத்திகரிப்பது ஒன்று. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, அதன்வழி நீர்மருந்தை உட்செலுத்தி வடித்தெடுப்பது மற்றொன்று. இதனை வீட்டிலேயே தாயோ தந்தையோ செய்யலாம். சிறு குழந்தைகளுக்கு இதுவே ஏற்றதென்பர். ஆனால் கை கழுவுவதில் கடுகளவும் சோம்பல் கூடாது. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கின்றனர். எனினும் வளரும் பிள்ளைக்கு மாற்றுச் சிறுநீரகமே சிறந்தது. டயாலிசிஸ் தொடங்குமுன்னரே மாற்றிவிடுவதும் உண்டு. அதுவும் ஆயுள் முழுவதற்குமான முடிவன்று. நாள்தோறும் தவறாது மருந்து உண்ண வேண்டும்; பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒன்று தேவைப்படலாம். சில தடுப்பூசிகளை மாற்றுக்கு முன்னரே போட்டுவிட வேண்டும், பின்னர் போடலாகாது.

நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் தருவோரிற் பெரும்பாலோர் பெண்களே. என் வீட்டிலும் கணக்கு அவ்வாறே முடியும் போலிருக்கிறது. என் இரத்தப் பிரிவு மகனுக்குப் பொருந்தாது. என் மனைவியுடையது பொருந்துகிறது. இது தெரிந்த அன்று அவள் மகிழ்ந்தாள், நான் மகிழவில்லை. இருவரையும் ஒரே நாளில் அறுவைக்கு அனுப்பிவிட்டு வெளியே உட்கார வேண்டியவன் நானன்றோ? கும்பகோணத்திலிருந்து என் மாமியார், "என் மகளை விடுங்கள் மாப்பிள்ளை, என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எனக்கு இனி எதற்கு?" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவர்க்கு ஐம்பத்தெட்டு வயது. இரத்தக் கொதிப்பும் உண்டு. டாக்டர் ஒப்பமாட்டார் என்றே எண்ணுகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக, என் ஜன்னல் சம்பந்தமான செய்தி. காட்பாடிக்குச் சீட்டுக் கேட்டு ஒருவர் படிவத்தை நீட்டினாலே வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்று பாதி வேளை எங்களுக்குத் தெரிந்துவிடும். டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ செல்லும் சிறுநீரக நோயாளிக்கும், துணைக்குச் செல்லும் ஒருவர்க்கும் ரயில்வேயில் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. இவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் நூற்றுக்கு 75, இரண்டாம் ஏ.சி., முதல் ஏ.சி. இவற்றில் நூற்றுக்கு 50. 2020-இல் மூத்த குடிமக்கள் சலுகை முதலியவற்றை நிறுத்தியபோதும் நோயாளிகள் சலுகையை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு முழுக் கட்டணம் கட்டிச் சென்ற நம்மவர் பலர். சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியில், அதற்குரிய படிவத்தில், கையெழுத்தும் முத்திரையும் பெற்று ஜன்னலுக்கு நேரில் வர வேண்டும். இணையத்தில் இச்சலுகை கிடையாது. தட்கல் சீட்டுக்கும் இல்லை. வெறும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும் பயணத்திற்கும் இது பொருந்தாது. அதற்கு என்னிடம் வந்து வாதிடுவதில் பயனில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. பல ஆண்டுகள் வராமலும் இருக்கலாம். அவர் தம் மகனின் கிரியேட்டினினை எழுதியிருந்தார், உயரத்தை எழுதவில்லை. சுவரில் நிறுத்தி அளந்து, அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வரும்போது அந்த எண்ணையும், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுவரட்டும். தேதி வாரியாக அடுக்கித் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு.